ஐந்து நாள், பதினெட்டு மீட்டர்: த்ரூ ஓ பீஷ் ஸ்கூபா நாட்குறிப்பு

அக்டோபர் 4, சனி

திங்கட்கிழமை மொரிஷியஸின் த்ரூ ஓ பீஷ் கடற்கரையில் நான்கு பேருக்கு ஸ்கூபாவின் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் வகுப்பு. டைவிங் பயிற்சி தரும் பாடி (PADI) அமைப்பின் பாடத்திட்டம். (காதில் விழுவதுபோல் எழுதினால் 'பேடி' என்று வரும். கடலுக்குள் போகிறவருக்குக் கோழை என்று பட்டம் கட்டியதாகிவிடும், ஆகவே பாடி.) ஐந்து பாடப் பகுதி, ஆழமில்லாத தண்ணீரில் ஐந்து அமர்வு, கடலில் நான்கு டைவ், கடைசியில் 50 கேள்வித் தேர்வு. முடித்தவர் துணையோடு 18 மீட்டர் வரை போகலாம். 10 வயதிலேயே சேரலாம், ஆனால் 15 ஆகும்வரை ஜூனியர் அட்டைதான்.

இன்றைய வேலை மருத்துவப் படிவம். முதல் பக்கத்தில் பத்துக் கேள்வி. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் கையெழுத்துப் போட்டு முடிக்கலாம். சிலவற்றுக்கு 'ஆம்' என்றால் நேரே டாக்டர் கையெழுத்து, சிலவற்றுக்கு அடுத்த பக்கத்துத் துணைக் கேள்விகள். ஆஸ்துமா, சர்க்கரை, வலிப்பு, காது அறுவை, நெஞ்சு அறுவை இருப்பவர்கள் ஒரு வாரம் முன்னதாகவே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். 'சின்ன வயசில் கொஞ்சம் இழுப்பு இருந்தது' என்று படகில் ஏறிய பிறகு சொன்னால் படகு அவருக்காகத் திரும்பும்.

புரட்டாசி நடக்கிறது. சைவச் சாப்பாட்டால் ஒரு குறையும் இல்லை. முழு உபவாசம்தான் கூடாது. வெறும் வயிறு படகில் குமட்டும். உடம்பில் நீர் வற்றினால் டிகம்ப்ரஷன் நோய்க்கு, அதாவது மேலே ஏறும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாவதற்கு, வழி திறக்கும். இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன் லேசான சாப்பாடு, காலையிலிருந்தே தண்ணீர். விரதம் பெரிதென்றால் வகுப்பைத் தள்ளிவைக்கலாம். கடல் அங்கேயேதான் இருக்கும்.

மீசைக்காரர்கள் மூக்குக்கு நேர் கீழே சில மில்லிமீட்டர் மழித்துக்கொண்டு வரவும். மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு தோலில்தான் ஒட்டும், மயிரில் ஒட்டாது.

அக்டோபர் 6, திங்கள்

முதலில் நீச்சல்: 200 மீட்டர், எந்தப் பாணியும் சரி, நேரக்கணக்கு கிடையாது. பிறகு பத்து நிமிடம் மிதக்க வேண்டும். இதில் தவறுகிறவர்களில் பெரும்பாலோர் நீந்தத் தெரியாதவர்கள் இல்லை, முதல் 50 மீட்டரைப் பந்தயமாக்கியவர்கள். கரைக்கும் பவளத்திட்டுக்கும் இடையிலுள்ள லகூனில் நீந்துவதானால் போகும்போது நீரோட்டத்துக்கு எதிராகப் போய், வரும்போது அதோடு வருவது நல்லது.

காலில் பூட்ஸ் இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கிரியோலில் 'லாஃப்' என்கிற கல்மீன் மணலிலும் செத்த பவளத்திலும் கல்லோடு கல்லாகக் கிடக்கும். முள் குத்திவிட்டால் காலை, சுட்டுவிடாத அளவுக்கு, பொறுக்கக்கூடிய வெந்நீரில், சுமார் 45 டிகிரி, வைத்துக்கொண்டே 114க்குப் போன் செய்து சாமு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அதன் விஷம் சூட்டில் சிதையும். வலி குறைவது அதனால்தான்.

மீதி நாள் முழுக்க உபகரணம். சிலிண்டர், மிதவைச் சட்டையான பி.சி.டி., சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் மூன்றையும் ஐந்து முறை பூட்டிக் கழற்ற வேண்டும். சலிப்பாக இருக்கும். ஆனால் தண்ணீருக்கடியில் வரும் தொல்லைகளில் பாதிக்குமேல் கரையில் விட்டுப்போனவைதான்.

பி.சி.டி.யின் பட்டையை முதலில் தண்ணீரில் நனைக்க வேண்டும். காய்ந்த பட்டையை இறுக்கினால் நனைந்ததும் தளர்ந்து, சிலிண்டர் முதுகிலிருந்து நழுவும். அடுத்து வால்வில் உள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்: கீறலோ மணலோ இருந்தால் மாற்ற வேண்டும். இரண்டு ரூபாய்ச் சாமான் இல்லாமல் படகு திரும்பிய நாட்கள் எல்லா மையத்திலும் உண்டு. வால்வை ஒரு நொடி திறந்து தூசியை ஊதிவிட்டு, மூச்சுக் குழாய் வலப்பக்கம் வரும்படி ரெகுலேட்டரைப் பூட்டி, பி.சி.டி. குழாயை மாட்டி, பிரஷர் கேஜின் கண்ணாடியை முகத்துக்கு எதிர்ப்புறமாகத் திருப்பிக்கொண்டு வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும்.

முழுதாகத் திறக்க வேண்டும். திறந்த பின் கால் சுற்று திருப்பி வைப்பது பழைய வழக்கம். அதை விட்டுவிடலாம், ஏனென்றால் எந்தப் பக்கம் கால் சுற்று என்பதில் ஒருவர் தவறினாலும் வால்வு மூடிய நிலைக்குப் பக்கத்தில் நிற்கும். கரையில் அது தெரியாது, காற்று வந்துகொண்டுதான் இருக்கும். 15 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டரை மடங்கு காற்று தேவைப்படும்போது இழுக்க இழுக்க வராது. சோதனை எளிது: கேஜைப் பார்த்துக்கொண்டே நாலு மூச்சு இழுங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. காற்றில் எண்ணெய் வாடை இருந்தால் அந்த சிலிண்டர் வேண்டாம்.

கழற்றும்போது வால்வை மூடி, ரெகுலேட்டரின் பொத்தானை அழுத்திக் குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்றிய பிறகே திருகைத் தொடலாம். சிலிண்டரை நிமிர்த்தி நிற்கவைத்துவிட்டு யாரும் நகரக் கூடாது, படுக்கவைக்கவும்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று பௌர்ணமி. மொரிஷியஸில் ஏற்ற இறக்கம் அரை மீட்டர் அளவுதான் என்றாலும், இந்த நாட்களில் பவளத்திட்டின் வாய்க்கால்கள் வழியாக நீர் வேகமாக இழுக்கும். வகுப்பு கரையோரத்தில், மார்பளவுத் தண்ணீரில்.

ஒரே விதி எல்லாவற்றுக்கும் முன்னால்: மூச்சை அடக்கக் கூடாது. 10 மீட்டரில் அழுத்தம் 2 பார், கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரலை நிரப்பிக்கொண்டு மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிய அவ்வளவு ஆழம்கூட வேண்டாம், நீச்சல்குளத்து ஆழமே போதும். வாயில் ரெகுலேட்டர் இல்லாத நேரமெல்லாம் உதட்டிலிருந்து சிறு குமிழிகள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

ரெகுலேட்டர் வாயிலிருந்து போய்விட்டால் வலப்பக்கம் சாய்ந்து, கையைத் தொடையைத் தொட்டபடி பின்னால் கொண்டுபோய், அகல வட்டமாக முன்னுக்குக் கொண்டுவந்தால் குழாய் கையில் சிக்கும். வாயில் வைத்ததும் ஊதித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஊத மூச்சில்லை என்றால் நாக்கை மேலே தூக்கித் தடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தலாம்.

மாஸ்க்கில் நீர் நிரப்பி வெளியேற்றுவதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் ஊதத் தொடங்கிவிட்டு, அதன் பிறகு தலையை லேசாக நிமிர்த்த வேண்டும். இந்த வரிசை மாறி முதலில் நிமிர்ந்தால் நீர் நேரே மூக்குக்குள் இறங்கும். வாயால் ஊதுவதும் அடிக்கடி நடக்கும். பத்து முறை ஊதினாலும் மாஸ்க்கில் ஒரு சொட்டுக் குறையாது. இதற்கு மருந்து: மாஸ்க் இல்லாமல் முகத்தை நீரில் அமிழ்த்தி, ரெகுலேட்டரால் மட்டும் ஒரு நிமிடம் மூச்சுவிட்டுப் பழகுவது. இரண்டு தடவை செய்தால் மூக்கும் வாயும் தனித்தனி என்பது உடம்புக்குப் புரிந்துவிடும்.

மாஸ்க் புதிதென்றால் கண்ணாடியின் உட்புறம் சிலிக்கான் படலம் இருக்கும். வெள்ளைப் பற்பசையால் மூன்று நான்கு முறை தேய்க்காமல் எச்சில் துப்பினாலும் ஆவி படியத்தான் செய்யும்.

சைகை விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். 'சரியா?' என்று கேட்டால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறோம். எதிரே இருக்கும் பிரெஞ்சுக்காரருக்கு அது 'இல்லை'. கட்டைவிரலை உயர்த்தினால் 'நன்று' என்று பொருள் இல்லை, 'மேலே போவோம்' என்று பொருள். உற்சாகமாகக் கட்டைவிரல் காட்டியவரை உடனே மேலே கூட்டிப்போக வேண்டியிருக்கும், அதுதான் முறை. சுட்டுவிரலையும் பெருவிரலையும் சேர்த்து வளையமாக்குவதே 'சரி'.

அக்டோபர் 8, புதன்

தென்கிழக்குக் காற்று. இந்தக் கரை மறைவானதுதான், ஆனாலும் திட்டுக்கு வெளியே அலை. படகு இல்லை. உள்ளே உட்கார்ந்து தேர்வு. 75 சதவீதம் வேண்டும், அதாவது 38 கேள்வி.

காற்றுக் கணக்கை மட்டும் பலகையில் போட்டுக் காட்டினோம். 12 லிட்டர் சிலிண்டர், 200 பார்: 2400 லிட்டர் காற்று. 50 பார் மிச்சத்துக்கு ஒதுக்கினால் கையில் 1800. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர் 10 மீட்டரில் 40 இழுப்பார், 45 நிமிடம் வரும். 18 மீட்டரில் 56 இழுப்பார், 32 நிமிடம். பயந்தவர் மேற்பரப்புக் கணக்கிலேயே 30 இழுப்பார். அவருக்கு அதே ஆழத்தில் 21 நிமிடம்தான். 'என் சிலிண்டரில் காற்றுக் குறைவாக இருந்தது' என்பதன் உண்மைக் காரணம் பெரும்பாலும் இதுவே.

அக்டோபர் 9, வியாழன்

காற்று தணிந்தது. முதல் இரண்டு கடல் டைவ், எல்லை 12 மீட்டர். தண்ணீர் 24 டிகிரி, 5 மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர் காக்கும் ரப்பர் உடை).

மூழ்குவதற்காகக் கட்டும் ஈயக்கட்டிக்கு எடை பார்ப்பது முதலில். 70 கிலோ ஆளுக்கு 7 கிலோவில் தொடங்கலாம். பி.சி.டி.யைக் காலியாக்கி, மேற்பரப்பில் சாதாரணமாக மூச்சை நிறுத்தி நின்றால் (இங்கே மட்டும்தான் நிறுத்தலாம்) கண் மட்டத்தில் நீர் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல இறங்க வேண்டும். இறங்காதவர்கள் கட்டி கேட்பார்கள். கொடுப்பதற்கு முன் அவர்கள் காலைப் பாருங்கள்: பதற்றத்தில் காலில் மாட்டிய துடுப்பான ஃபின்ஸை அடித்துக்கொண்டே இருந்தால் எத்தனை கிலோ கட்டினாலும் மிதப்பார்கள். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது பார்த்த எடைக்கு மேல் 2 கிலோ சேர்க்க வேண்டும். 2400 லிட்டர் காற்று கிட்டத்தட்ட 2.9 கிலோ எடை. டைவ் முடிவில் அதில் பெரும்பகுதி இருக்காது. ஸ்டீல் சிலிண்டரிலிருந்து அலுமினியத்துக்கு மாறினாலும் இன்னொரு 2 கிலோ அளவுக்குத் தேவைப்படும்.

காது. முதல் பத்து மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகிறது, பிறகு அதே இரட்டிப்புக்கு இன்னும் இருபது மீட்டர் போக வேண்டும். ஆகவே தொல்லை எல்லாம் தொடக்கத்தில்தான். கால் கீழே, தலை மேலே, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அரை மீட்டருக்கு ஒருமுறை மூக்கைப் பொத்தி மென்மையாக ஊத வேண்டும். வலி வந்த பிறகு ஊதுவது தாமதம். வலித்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயல்க. பலமாக ஊதினால் உள்காதே சேதமாகும். மூன்று முறை முயன்றும் திறக்காவிட்டால் அன்று டைவ் இல்லை. ஜலதோஷத்துக்கு மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மாத்திரையின் வீரியம் கீழே இருக்கும்போது தீர்ந்தால் காற்று வெளியேற வழியில்லாமல் ஏறும்போது வலிக்கும். இறங்காமல் இருந்துவிடலாம், ஏறாமல் இருக்க முடியாது.

பி.சி.டி.யில் காற்றுச் சேர்க்க அரை நொடி அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று நொடி பிடிக்கும். காத்திருக்காமல் மறுபடி அழுத்துகிறவர் பலூனாகிறார்.

அக்டோபர் 10, வெள்ளி

மூன்றாவது, நான்காவது டைவ். அக்வேரியம் என்று அழைக்கப்படும் திட்டில், 18 மீட்டர் எல்லைக்குள். இந்த ஆழத்தில் சிவப்பு நிறம் தெரியாது. விளக்கு அடித்தால்தான் பவளத்தின் நிறம் வெளிப்படும். வெட்சூட்டின் குமிழிகள் நசுங்குவதால் நேற்று சரியாக இருந்த எடை இன்று கனக்கும். பி.சி.டி.யில் கொஞ்சம் காற்று சேர்க்க வேண்டும், ஏறும்போது அதை வெளியேற்ற மறக்கக் கூடாது.

காற்று தீர்ந்ததாக எண்ணிக்கொண்டு ஏறும் பயிற்சி 6 முதல் 9 மீட்டருக்குள். ரெகுலேட்டரை வாயிலேயே வைத்துக்கொண்டு 'ஆ...' என்று நீட்டி ஒலித்தபடி ஏற வேண்டும். ஒலி நின்றால் மூச்சு அடைபட்டது என்று பொருள். நிறுத்தி, திருப்பிச் செய்யச் சொல்வோம். வேகம் நிமிடத்துக்கு 18 மீட்டரைத் தாண்டக் கூடாது. சாதாரண ஏற்றத்தில் அதன் பாதியே நல்லது. 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது இருவருக்கு வரவில்லை. சிலிண்டர் இலேசாகி மிதந்தார்கள். நேற்றைய 2 கிலோ எதற்கு என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபர் 11, சனி

எல்லாவற்றையும் நன்னீரில் ஊறவைத்துக் கழுவும் நாள். ரெகுலேட்டரின் தூசி மூடியைத் துடைத்துக் காயவைத்துப் பூட்டிய பிறகே தண்ணீரில் போட வேண்டும். நீரில் இருக்கும்போது பொத்தானை அழுத்தினால் தண்ணீர், சிலிண்டரில் பூட்டும் பகுதியான முதல் கட்டம் வரை ஏறும். பி.சி.டி.க்குள்ளும் நன்னீர் விட்டுக் குலுக்கிக் கவிழ்க்கவும்.

பல நாள் டைவுக்குப் பின் விமானம் ஏற 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ரொட்ரீக்ஸ் போகும் சிறு விமானமும் விமானமே. இங்கே எல்லாரும் மறப்பது தீவின் நடுமேட்டில் உள்ள க்யூர்பீப் ஊர். அது சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 300 மீட்டருக்கு மேல் போனால் விமானத்துக்குப் போலவே உயரக் கணக்கு தொடங்கிவிடும். மேட்டு ஊரில் வீடுள்ளவர்கள் நேற்று படகிலிருந்து இறங்கியதும் காரை எடுக்காமல், கடற்கரையில் சாப்பிட்டு, சாயங்காலம்வரை உட்கார்ந்துவிட்டுத்தான் போனார்கள்.

நால்வருக்கும் தற்காலிக அட்டை கொடுத்தாயிற்று. உடனே ஒருவர் ஸ்டெல்லா மாருவைக் கேட்டார். 1987ல் செயற்கைத் திட்டாக மூழ்கடிக்கப்பட்ட மீன்பிடிக் கப்பல் அது, 23 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதற்கு அடுத்த நிலை வகுப்பான அட்வான்ஸ்ட் வேண்டும். இப்போதைக்கு டைவ் குறிப்பேடான லாக்புக்கில் ஆழம், நேரம், மீதிக் காற்று, எந்தச் சிலிண்டர், எந்தச் சூட், எத்தனை கிலோ ஈயம் என்று எழுதிவைக்கச் சொன்னோம். பிப்ரவரியில் தண்ணீர் 28 டிகிரிக்கு வந்து 3 மில்லிமீட்டர் சூட்டுக்கு மாறும்போது, கடைசி இரண்டு வரிசையைப் பார்த்துத்தான் கட்டியைக் குறைக்க வேண்டும்.