"எனிடெஸ்க் ஐடி சொல்லுங்க சார்": அக்செப்ட் அழுத்துவதற்கு முன்னும் பின்னும்

மாதம் 18, 19 தேதி வந்துவிட்டால் கணக்கு சாஃப்ட்வேர் சப்போர்ட்டுக்கு லைன் கிடைப்பதே பெரும்பாடு. 20க்குள் ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைப் போட்டாக வேண்டும், கணக்கு சாஃப்ட்வேரான டேலியோ திறக்க மறுக்கிறது. ஒருவழியாக மறுமுனையில் "எனிடெஸ்க் ஐடி சொல்லுங்க சார்" என்ற குரல் கேட்டதும், கடைக்காரர் அந்த எண்ணை மூச்சுவிடாமல் வாசித்து, அக்செப்ட் அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார். எனிடெஸ்க் என்பது ஒரு கம்ப்யூட்டரை வேறு இடத்திலிருந்து பார்த்து இயக்க உதவும் செயலி; ஐடி அதில் அந்தக் கம்ப்யூட்டருக்கான எண். சப்போர்ட்டில் இருப்பவர் பெரும்பாலும் நேர்மையானவர்தான். ஆனால் அவர் வேறு வேலைக்குப் போன பிறகும், அந்த அலுவலக நோட்டில் கடைக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு எழுதியபடியே இருக்கும். சிக்கல் அங்கேதான்.

முதல் விதி எளிது: போன் நம் பக்கத்திலிருந்து போக வேண்டும், அதுவும் ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) பில்லில் அச்சிட்ட எண்ணுக்கு. கூகுளில் தேடி எடுத்த எண் வேண்டாம். யாராவது தாங்களாகவே அழைத்து "உங்க சிஸ்டத்துல வைரஸ்" என்றால் பேச்சை அங்கேயே வெட்டிவிடலாம். விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிவப்பும் மஞ்சளுமாகக் குறிகள் காட்டி மிரட்டுவார்கள். நன்றாக ஓடும் எந்த விண்டோஸிலும் அவை இருக்கும். 888 என்று தொடங்கும் நீளமான எண்ணைக் காட்டி "இதுதான் உங்க லைசென்ஸ் ஐடி" என்பார்கள். அதுவும் எல்லா விண்டோஸிலும் ஒன்றேதான்.

லைன் கிடைக்கும் வரை காத்திருக்கும் நேரத்தில் தயாரிப்பை முடித்துவிடலாம். டேலி ப்ரைம் திறக்கிற நிலையில் இருந்தால் ஆல்ட் + ஒய், பேக்கப். திறக்காவிட்டால் டேட்டா ஃபோல்டரையே பென் டிரைவில் காப்பி எடுங்கள். எடுத்ததும் பென் டிரைவைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் போடுங்கள். டேட்டா எரர் என்றால் சப்போர்ட் பெரும்பாலும் ரிப்பேர் ஓட்டும். பாதியில் கரண்ட் போனால் இருந்ததும் கெட்டுப்போகும்.

அடுத்தது பலரும் மறப்பது: டிஎஸ்சி டோக்கன், அதாவது உங்கள் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி சாதனம். ஃபைலிங் நாள் என்பதால் அது யுஎஸ்பியில் சொருகியபடியே இருக்கும். பின் எண் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய தாளில் இருக்கும், இல்லை டெஸ்க்டாப்பில் 'பாஸ்வேர்டு' என்றே பெயரிட்ட எக்செல் ஃபைலில். (அந்த ஃபைல் இல்லாத கடையை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.) டோக்கன் சொருகியிருக்க, பின் எண்ணும் தெரிந்துவிட்டால் தொலைவிலிருந்தே உங்கள் கையெழுத்தைப் போட்டுவிடலாம். கழற்றி வையுங்கள்.

பிரவுசரை மினிமைஸ் செய்வது போதாது, முழுவதும் மூட வேண்டும். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளைப் படித்துப் பார்க்கத்தான் விண்டோஸ் பின் கேட்கும். ஒரு தளத்தின் லாகின் பக்கத்துக்குப் போனால் தானாக நிரப்பிவிடும். வாட்ஸ்அப் வெப்பிலிருந்து லாக் அவுட் செய்யுங்கள். போன் மெசேஜ்களை கம்ப்யூட்டரில் காட்டும் இணைப்பு எதுவும் இருந்தால் அதையும் துண்டியுங்கள். வங்கி ஓடிபி திரையின் வலது மூலையில் வந்து நிற்பதை எதிர்முனைக்காரரும் பார்ப்பார்.

எனிடெஸ்கை அந்நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். சப்போர்ட்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஃபைல் பெரும்பாலும் அவர் பல வருடமாக வைத்திருக்கும் பழைய காப்பி. 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் தன் சர்வர்களுக்குள் யாரோ ஊடுருவியதை அறிவித்து, ஃபைல் தன்னுடையதுதான் என்று காட்டும் கையெழுத்துச் சான்றிதழையே மாற்றியது. ஃபைலை வலது கிளிக் செய்து ப்ராப்பர்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பாருங்கள். 'எனிடெஸ்க் சாஃப்ட்வேர்' என்று இருந்தால் சரி. 'பிலாண்ட்ரோ சாஃப்ட்வேர்' என்று இருந்தால் பழைய சான்றிதழ், ஃபைலை அழித்துவிடுங்கள்.

அழைப்பு வந்ததும் திரையில் தெரியும் பெயரும் படமும் அழைப்பவரே வைத்துக்கொள்வது. அதை நம்பாமல், அவருடைய ஐடியைப் போனில் சொல்லச் சொல்லி ஒப்பிடுங்கள். அதே சன்னலில் அனுமதிகளின் பட்டியல் இருக்கும். கணக்கு வேலைக்குக் கீபோர்டு, மவுஸ் அனுமதி போதும். கிளிப்போர்டு, ஃபைல் மேனேஜர், செஷன் ரெக்கார்டிங், டிசிபி டனல் (உங்கள் நெட்வொர்க்குக்குள் வழி திறப்பது) எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். முக்கியமாக இரண்டு: உங்கள் கீபோர்டையும் மவுஸையும் பூட்டும் அனுமதி, உங்கள் திரையைக் கறுப்பாக்கும் ப்ரைவசி மோட். டேலி சரிசெய்ய இந்த இரண்டும் எதற்கு? ஃபைல் அனுப்ப வேண்டிவந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் ஃபைல் மேனேஜரைத் திறந்துகொடுக்கலாம்.

பாதி வழியில் "சார், ஸ்கிரீன் நின்னுடுச்சு, எனிடெஸ்க்கை இன்ஸ்டால் பண்ணிடலாமா?" என்று கேட்பார். அவர் ஏமாற்றவில்லை. இன்ஸ்டால் செய்யாமல் ஓடும் எனிடெஸ்க்குக்கு அட்மின் அனுமதி கேட்கும் விண்டோஸ் சன்னல் எட்டாது. அந்த 'எஸ்' பட்டனை நீங்களே அழுத்தினால் தீர்ந்தது. திரும்பத் திரும்ப வந்தால் எனிடெஸ்கிலேயே எலிவேஷன் (அட்மின் உரிமை) கேட்கும் வசதி உண்டு. அது அந்த ஒரு செஷனோடு போய்விடும். இன்ஸ்டால் செய்தால் அது சர்வீஸாக உட்கார்ந்து, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் தானும் எழுந்துகொள்ளும். கூடவே 'அன்அட்டெண்டட் ஆக்சஸ்' பாஸ்வேர்டும் வைத்துவிட்டால், அடுத்த முறை உங்களைக் கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

வேலை முடியும் வரை நாற்காலியை விட்டு எழ வேண்டாம். டேலி பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள், போனில் சொல்ல வேண்டாம். திரை திடீரென்று கறுத்தால், வங்கிப் பக்கம் திறந்தால் பேசிக்கொண்டிருக்காமல் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். வைஃபை என்றால் ரவுட்டர் ஸ்விட்சை அணையுங்கள். எனிடெஸ்க் சன்னலை மூடுவது அந்த நேரத்தில் உதவாமல் போகலாம், மவுஸ் உங்கள் வசம் இருக்காது. பணம் போயிருந்தால் முதலில் வங்கி, உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை, அவர் வங்கியிடம் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் சப்போர்ட்காரரோடு சண்டை போடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நல்லபடியாக முடிந்தால் எனிடெஸ்க் ஃபைலை அழித்துவிட்டு (இன்ஸ்டால் ஆகியிருந்தால் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு), இன்ஸ்டால் ஆன செயலிகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். இன்றைய தேதியில் தெரியாத பெயர் இருந்தால் கேளுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலையும் பாருங்கள். ஏதாவது பேட்ச் ஓடவில்லை என்று மொத்த டிரைவையும் வைரஸ் சோதனையிலிருந்து விலக்கிவிட்டுப் போவது சப்போர்ட் உலகில் சர்வசாதாரணம்.

ஏஎம்சி வேலைக்காக எனிடெஸ்க் நிரந்தரமாக இருந்தே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே அதன் செக்யூரிட்டி செட்டிங்ஸில் உள்ள பட்டியலில் சப்போர்ட் அலுவலகத்தின் ஐடியை மட்டும் சேர்த்து, மற்றவற்றைத் தடுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை 'கனெக்ஷன் ட்ரேஸ்' என்ற டெக்ஸ்ட் ஃபைலையும் திறந்து பாருங்கள். இன்ஸ்டால் செய்த எனிடெஸ்க் என்றால் அது ப்ரோகிராம்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள், எனிடெஸ்க் ஃபோல்டரில் இருக்கும். யார் எப்போது வந்தார் என்பதோடு, எப்படி வந்தார் என்பதும் ஒவ்வொரு வரியிலும் இருக்கும். 'யூசர்' என்றால் இங்கே யாரோ அக்செப்ட் அழுத்தியிருக்கிறார். 'பாஸ்வேர்டு' என்பதன் சுருக்கம் இருந்தால் அங்கிருந்தே பாஸ்வேர்டு அடித்திருக்கிறார். 'டோக்கன்' என்றால் அந்த பாஸ்வேர்டைத் தன் கம்ப்யூட்டரில் சேமித்தே வைத்திருக்கிறார். உங்கள் பக்கம் அந்த பாஸ்வேர்டை மாற்றினால்தான் அந்த வழி அடைபடும். கடை பூட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒரு 'டோக்கன்' வரி தெரிந்தால், திங்கள் காலை முதல் போன் அந்த அலுவலகத்துக்குத்தான்.