இன்டேக் மாற்றிய பிறகு ஐடிலிங் ஒரே நிலையில் நிற்கவில்லையா? த்ராட்டில் பாடி வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

எஞ்சினுக்குக் காற்று போகும் புதிய இன்டேக் பைப்பும் ஃபில்டரும் மாட்டிய பிறகு ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறி இறங்கினால், விற்றவரிடமிருந்து வரும் முதல் பதில் இதுதான்: "கொஞ்ச நாள் ஓட்டுங்க, ஈசியூ தானா கத்துக்கும்." (ஈசியூ என்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி.) நானும் அந்தப் பேச்சைக் கேட்டு ஓட்டினேன். 750 ஆர்பிஎம்மில் அசையாமல் நின்ற எஞ்சின் 500க்கும் 1100க்கும் இடையே அலைந்தது. சிக்னலை நெருங்கி கிளட்சை மிதித்தால் அப்படியே நின்றுபோகும். பின்னால் லாரி வரும்போது வண்டி அணைந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. கோளாறுக் குறியீடு, அதாவது கோடு, பி0171: கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்.

ஈசியூ கற்றுக்கொள்ளும் என்பது பொய் இல்லை. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதை வைத்து அது பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். அந்தத் திருத்தத்துக்குத்தான் ஃபியூவல் ட்ரிம் என்று பெயர். பல கார்களில் கூட்டல் பக்கம் 25 சதவீதத்தை நெருங்கினாலே விளக்கு எரிந்துவிடும். வாரக்கணக்கில் ஓட்டினாலும் பைப்பில் இருக்கும் கோளாறு சரியாகாது.

மாட்டும் வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு மதியத்தில் முடிந்தது. வேதனை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் போன வொர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து பார்த்த உடனேயே "த்ராட்டில் பாடி போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார்கள். த்ராட்டில் பாடி என்பது எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு தட்டால் கட்டுப்படுத்தும் பாகம். ஸ்கேனரை மாட்டிக் கோடு மட்டும் பார்த்தார்கள், ஓடும்போது வரும் எண்களைப் பார்க்கவே இல்லை. ட்ரிம் எவ்வளவு என்று கேட்டேன், பதில் இல்லை. இன்னொருவர் த்ராட்டில் தட்டின் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலிங்கை உயர்த்தித் தருவதாகச் சொன்னார். தயவுசெய்து யாரையும் அந்த ஸ்க்ரூவைத் தொட விடாதீர்கள். அது தொழிற்சாலையில் வைத்த அளவு. அதைத் திருகினால் தட்டு மூடியிருக்கும் நிலையைப் பற்றி ஈசியூ வைத்திருக்கும் கணக்கே மாறிவிடும், அப்புறம் இரண்டு கோளாறுகளைத் தேட வேண்டியிருக்கும். மின்சார த்ராட்டிலாக இருந்தால் இக்னிஷன் போட்ட நிலையில் தட்டை விரலால் தள்ளவும் கூடாது. தட்டு சட்டென்று மூடினால் விரல் மாட்டிக்கொள்ளும்.

என்னைக் காப்பாற்றியது ஒரு பழக்கம். பழைய ஏர் பாக்ஸ் (ஃபில்டர் இருக்கும் பெட்டி) இருந்தபோதே, எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில், ஈசியூ தரும் எண்களைக் காட்டும் ஒரு சாதாரண ஓபிடி ஸ்கேனரை வைத்து ஐடிலிலும் 2500 ஆர்பிஎம்மிலும் வந்த எண்களைக் குறித்து வைத்திருந்தேன். எந்தப் பாகத்தை மாற்றுவதற்கு முன்பும் இதைச் செய்துவிடுங்கள். உள்ளே போகும் காற்றை ஒரு சூடான கம்பியால் அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் முன்பு ஐடிலில் வினாடிக்கு 2 கிராம் காற்று என்று காட்டியது, இப்போது 1.6 காட்டியது. ட்ரிம் முன்பு பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. இப்போது நீண்டகால ட்ரிம் 17, குறுகியகால ட்ரிம் 7, இரண்டும் சேர்ந்து கூட்டலில் 24 சதவீதம். அதே எஞ்சினை 2500ல் பிடித்தபோது மொத்தம் 14தான்.

அந்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. சென்சாருக்குப் பிறகு எங்காவது காற்று திருட்டுத்தனமாக உள்ளே வந்தால், எஞ்சின் மொத்தமாக இழுக்கும் காற்று குறைவாக உள்ள ஐடிலில்தான் அது பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏற ஏற அதன் பங்கு சிறுத்து, ட்ரிம் பூஜ்யத்தை நோக்கி வரும். சென்சாரே தப்பாக அளந்தால் எல்லா ஆர்பிஎம்மிலும் ட்ரிம் ஏறியே இருக்கும். எனக்கு 24ம் 14ம் வந்தன. அதாவது இரண்டு கோளாறும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. (இது ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள எஞ்சின்களுக்கு. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் கார்களில் லீக் இருந்தால் பெரும்பாலும் ஐடிலிங் உயர்ந்து நிற்கும், ட்ரிம் இந்த அளவு ஏறாது.)

லீக்கைத் தேட கார்புரேட்டர் கிளீனரை அங்கங்கே அடித்து, ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கத்திலேயே இருக்கும்போது அது எரியும் திரவம் என்பதை நினைவில் வையுங்கள். நான் ஸ்மோக் டெஸ்ட் செய்யும் இடத்தைத் தேடிப் போனேன். ஃபில்டர் முனையை மூடி உள்ளே புகை விட்டதும், பிரீதர் ஹோஸ் (எஞ்சினின் உட்புறத்துக்குக் காற்று போகும் ரப்பர் குழாய்) புதிய பைப்போடு சேரும் இடத்தில் மெல்லிய கோடாக வெளியே வந்தது. கிளாம்ப் இறுக்கமாகத்தான் இருந்தது. கிட்டோடு வந்த மூக்குக்குழாய் ஹோஸின் உள்விட்டத்தைவிடச் சிறியது, அதனால் ரப்பர் மடிந்து ஒரு பக்கம் வழி விட்டிருந்தது.

த்ராட்டிலுக்கு முன்னால் உள்ள பைப்பில் அவ்வளவு உறிஞ்சல் கிடையாதே, இந்தச் சின்ன லீக் ஐடிலிங்கை எப்படிக் கெடுக்கும் என்று ஸ்மோக் டெஸ்ட் செய்தவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். பிசிவி வால்வு எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து காற்றை மேனிஃபோல்டுக்குள் இழுக்கிறது. அந்தக் காற்று பிரீதர் ஹோஸ் வழியாக, சென்சார் அளந்த காற்றாக வர வேண்டும். ஹோஸின் வாயில் இடைவெளி இருந்தால் அளக்காத காற்று அந்த வழியாகவே மேனிஃபோல்டுக்குப் போய்விடும், அதுவும் உறிஞ்சல் மிகுந்த ஐடிலில். சரியான அளவு இணைப்பு போட்டதும் கிளட்ச் மிதித்தால் அணைவது நின்றது. ஐடிலில் ட்ரிம் 13, 2500ல் 12. லீக் ஒழிந்தது. மிச்சம் இருந்தது சென்சாரின் தப்புக் கணக்கு.

எண்ணெய் பூசிய ஃபில்டர் என்றால் இந்த இடத்தில் முதலில் சென்சார் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். அதிகப்படியான எண்ணெய் கம்பியில் படியும். அதற்கென்று இருக்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடியுங்கள், பிரேக் கிளீனர் வேண்டாம், கம்பியைத் தொடவும் வேண்டாம், நன்றாகக் காய்ந்த பிறகே இணையுங்கள். என்னுடையது உலர் ஃபில்டர், கம்பியும் சுத்தமாக இருந்தது. அதனால் வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். பழைய பெட்டியில் சென்சார் உட்காரும் இடத்தின் உள்விட்டம் 66 மில்லிமீட்டர், புதிய பைப்பில் 70. பார்வைக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 12 சதவீதம் கூடுகிறது. அதே காற்று அகலமான குழாயில் மெதுவாகப் போகும், கம்பி குறைவாக உணரும், ஈசியூ பெட்ரோலைக் குறைவாக ஊற்றும். ட்ரிம் காட்டிய 12ம் காலிப்பர் காட்டிய 12ம் ஒத்துப்போனபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

விற்றவர் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. காலிப்பர் எண் தெரியும்படி இரண்டு படங்களையும், ட்ரிம் பதிவையும் சேர்த்து அனுப்பினேன். அதற்கப்புறம்தான், அதே மாடலில் பெரிய எஞ்சினுக்கான பைப்பை எனக்கு அனுப்பிய பார்சலில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது. சரியான பைப்பும் வந்தது. "ட்ரிம் சமாளிக்கிறதே, அப்படியே விட்டுவிடு" என்று நண்பர்கள் சொன்னதை நான் கேட்கவில்லை. முழு த்ராட்டிலில் பல ஈசியூக்கள் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துத் திருத்துவதில்லை. அந்தச் சமயத்தில் பெட்ரோல் குறைந்து ஓடுவது எஞ்சினுக்கு ஆபத்து.

புதிய பைப்பை மாட்டும்போது சென்சாரில் உள்ள அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள். பழைய பெட்டியில் சென்சாருக்கு முன் தேன்கூடு வலை இருந்து, புதியதில் இல்லையென்றால் அதையும் கேளுங்கள். காற்று சுழன்று வந்தால் விட்டம் சரியாக இருந்தாலும் எண் ஆடும். பழைய ட்ரிம்மை ஸ்கேனரில் அழித்த பிறகு, சர்வீஸ் மேனுவலில் உங்கள் காருக்குச் சொல்லியிருக்கும் ஐடில் ரீலேர்ன் முறையை (ஐடிலிங்கை ஈசியூ மறுபடி கற்றுக்கொள்ள வைப்பது) செய்யுங்கள். என் காரில் எஞ்சின் சூடானதும் ஏசி, விளக்கு எல்லாம் அணைத்து ஓடவிட்டு, பிறகு ஏசியோடு ஓடவிட்டால் போதும். இப்போது 750ல் நிற்கிறது, ட்ரிம் 3ஐத் தாண்டவில்லை. சிலிகான் இணைப்புகள் சூடேறி ஆறிய பிறகு கொஞ்சம் தளரும், எனவே முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு கிளாம்புகளை இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள், பிரீதர் ஹோஸில் உள்ளதையும் சேர்த்து.