“பேசறதுக்குன்னு தனியா ஆள் கிடையாது சார்”

மதுரையில் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தது, ஸ்கேன், தைராய்டு, பி12 பரிசோதனை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. அப்பத்தாவுக்கு டிமென்ஷியா, அதாவது மறதிநோய், என்று உறுதியானதும் மாத்திரையைவிட அழுத்தமாக மருத்துவர் சொன்னது ஒன்றுதான்: “தனியா விடாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து பேச ஆள் வேணும்.” அந்த ஆளைத் தேடியதில்தான் ஓய்ந்துபோனோம்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய வீட்டில் அப்பத்தா, அம்மா, நான் மட்டும்தான். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். நான் வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவேன். அதனால் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றைப் பிடித்தோம்.

“படுத்த படுக்கையா, நடமாடுற கேஸா?” இதுதான் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி. நடப்பாங்க, பேச்சுத்துணைதான் வேணும் என்றேன். “பேசறதுக்குன்னு தனியா ஆள் கிடையாது சார். அட்டெண்டர் அனுப்புறோம், எல்லாம் பார்த்துக்குவாங்க.” பதிவுக் கட்டணம், ஒரு மாத முன்பணம் இரண்டையும் அன்றே கட்டச் சொன்னார்கள்.

வந்த பெண் ஒடிசாவைச் சேர்ந்தவர். தமிழ் தெரியாது. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள நன்றாகப் பழகியவர். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பேச்சுத்துணை வேண்டும் என்ற வீட்டுக்குப் பேச்சே புரியாத பிள்ளையை அனுப்பியவர்கள்மேல்தான் கோபம். மாற்று ஆள் கேட்டு, தொண்டைத்தண்ணீர் வற்றப் பேசிய பிறகு இன்னொருவர் வந்தார். இவர் தமிழ் பேசுவார், ஆனால் போனில் மட்டும்.

எங்கள் பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், தரைக்கு ஆத்தங்குடிக் கல். ஓரத்தில் கருநிறப் பூ வேலை. அந்த இடம் வந்ததும் அப்பத்தா நின்றுவிடுவார். டிமென்ஷியா உள்ளவர்களுக்குத் தரையில் இருக்கும் கருநிறம் பள்ளம்போலத் தெரியலாம், பளபளப்பு தண்ணீர்போலத் தெரியலாம். அந்த அட்டெண்டர் கையைப் பிடித்து இழுக்க, அப்பத்தா அலற, அம்மா ஓடி வந்தார். அன்றைக்கே அவரைத் திருப்பி அனுப்பினோம்.

அப்புறம் பணத்துக்கு அலைச்சல். “நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்க” என்றார்கள். ரசீதில் திருப்பித் தருவது பற்றி ஒரு வரிகூட இல்லை. பாதிதான் வந்தது. நீங்கள் ஏஜென்சிக்குப் போவதாக இருந்தால், மாற்று ஆள் எத்தனை நாளில் வருவார், பணம் எப்போது திரும்பும் என்பதை எழுதி வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். வருபவரோடு போனில் ஐந்து நிமிடம் பேசிப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

முதியோர் உதவி எண் 14567-இல் பேசியவர் பொறுமையாகக் கேட்டார், வழி சொன்னார். ஆனால் வீட்டுக்கு ஆள் அனுப்புவது அவர்கள் வேலை இல்லை. அம்மா உடைந்து அழுத ஒரு ராத்திரியில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ அழைத்தோம். பார்த்துக்கொள்கிறவர்களும் பேசலாம், கட்டணம் கிடையாது.

கடைசியில் ஆள் கிடைத்தது பக்கத்துத் தெருவில். பனை ஓலையில் கொட்டான் என்கிற கூடை முடைகிற ஒரு அக்கா. மாலை 4 மணிக்கு வேலையையும் எடுத்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்காருவார், 7 மணிக்குப் போவார். பொழுது சாயும் நேரத்தில்தான் அப்பத்தாவுக்குத் தவிப்பு கூடும். பினாங்கு போன அப்பச்சி, அதாவது அவருடைய அப்பா, வந்தாச்சா என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார். அவர் செத்து ஐம்பது வருஷமாச்சு என்று நாங்கள் யாராவது சொன்னால், அன்றுதான் கேள்விப்பட்டதுபோல அழுவார். அக்கா அப்படிச் சொன்னதே இல்லை. “அப்பச்சி உங்களுக்கு என்னென்ன கொண்டு வருவாக ஆச்சி?” என்பார். சீட்டித்துணி, பீங்கான், பிஸ்கட் டப்பா என்று அப்பத்தா அடுக்கத் தொடங்குவார். நடை நின்றுவிடும்.

ஒருநாள் அப்பத்தா தானாகவே ஓலையை இழுத்து முடைய ஆரம்பித்தார். காலையில் சாப்பிட்டது நினைவில்லை, விரல்களுக்கு முடைச்சல் மறக்கவில்லை. பக்கத்தில் நின்ற நான் அழுதேவிட்டேன்.

வீட்டில் அபாயம் எங்கே என்று காட்டியதும் அக்காதான். எங்கள் வீட்டின் பின்கட்டு அடுத்த தெருவில் திறக்கும். முன்வாசலை மட்டும் காவல் காத்து என்ன பிரயோசனம் என்று கேட்டு, பின்கதவில் மணி கட்ட வைத்தார். பெல்ஜியம் கண்ணாடியில் “யாரோ ஒரு கிழவி நிக்கிறா” என்று அப்பத்தா பயந்தபோது அதன்மேல் வேட்டியைப் போர்த்தினார். பூக்கல் வரும் இடத்தில் முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்து, பேசிக்கொண்டே கடத்துவார்.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். ஒரே நாளில் அப்பத்தாவின் குழப்பம் பல மடங்கு கூடியது. நோய் முற்றிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். “நேத்து இப்படி இல்லையே தம்பி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றவர் அக்கா. சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்ததும் பழைய நிலைக்கு வந்தார். திடீர் மாற்றம் என்றால் காத்திருக்காதீர்கள்.

ஆவணியில் அக்கா மகளுக்குக் கல்யாணம், சில வாரம் வர முடியாது. அதனால் இப்போதிருந்தே அவருடைய நாத்தனாரையும் கூட அழைத்து வரச் சொல்லியிருக்கிறோம். புது முகம் பழக அப்பத்தாவுக்கு நாளாகும். அந்த நாட்களுக்கும் சேர்த்தே சம்பளம் பேசிவிட்டோம்.