ஒன்றேமுக்கால் இஞ்ச்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் ஒரு பழைய நெல் குடோன்தான் எங்கள் யூனிட். ஒன்பது மெஷின், ஒரு கட்டிங் டேபிள். பாலக்காடு, திருச்சூர் கடைகளுக்குச் சுடிதார் டாப்பும் நைட்டியும் தைத்துக் கொடுக்கிறோம். பேச்செல்லாம் தமிழ், பில் மட்டும் மலையாளம். கட்டிங் என் பொறுப்பு. சுவரில் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஒரு மாடல், எஸ்ஸிலிருந்து 3 எக்ஸ்எல் வரை துணியின் மேல் வைத்து வரைகிற அளவு அட்டைகள் தொங்கும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழை பிடித்தால் அட்டை ஈரம் குடித்து ஓரம் சுருண்டுவிடும். அதைச் சுற்றிச் சாக்பீஸ் ஓட்டினால் கால் இஞ்ச் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

புது மாடல் ஒன்றுக்கு ஆறு சைஸ் அட்டை போட எனக்கு ஒன்றரை நாள் ஆகும். முதலாளி ஒரு பழைய லேப்டாப்பைக் கொண்டு வந்து வைத்ததற்கு அதுதான் காரணம். அட்டையைக் கம்ப்யூட்டரிலேயே வரைந்து சைஸ் கூட்டுகிற கெர்பர், லெக்ட்ரா கம்பெனி மென்பொருளெல்லாம் எங்கள் மாதிரி யூனிட்டுக்குக் கட்டுப்படியாகாது. அதே வேலை செய்கிற வாலன்டினா என்ற இலவச மென்பொருளைத்தான் ஏற்றிக்கொண்டோம்.

கெர்பர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜோசப் கெர்பர் வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர். மாணவராக இருந்தபோது பைஜாமா எலாஸ்டிக்கை வைத்து ஒரு அளவுகோல் செய்தாராம். இழுத்தால் கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி எல்லாம் ஒரே விகிதத்தில் விரியும். சைஸ் கூட்டுகிற வேலையும் கிட்டத்தட்ட அதுதானே! கம்ப்யூட்டர் ஓட்டுகிற துணி வெட்டும் மெஷினை 1969-ல் அவர் கம்பெனிதான் கொண்டு வந்தது. தினமும் கஜக்கணக்கில் எலாஸ்டிக் கோர்க்கிற எங்களுக்கு இப்படி ஒரு யோசனை வரவில்லை.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மாஸ்டர், "மார்பில் நாலில் ஒண்ணு, கூட ஒன்றரை. கழுத்து அகலம் பன்னிரண்டில் ஒண்ணு" என்று பாட்டு மாதிரிச் சொல்வார். மென்பொருள் கேட்டதும் அதையேதான். புள்ளி வைக்கும்போது பத்தரை இஞ்ச் என்று எழுதக் கூடாது. மார்பை 4-ஆல் வகுத்து 1.5 கூட்டு என்று கணக்காகவே எழுத வேண்டும். அப்படி எழுதிவிட்டால் 36-ஐ 44 என்று மாற்றியதும் படம் முழுக்கத் தானாக விரியும். இது மண்டையில் ஏற எனக்கு மூன்று வாரம். அதுவரை எண்ணாகவே போட்டுவிட்டு, மார்பு மட்டும் அகலமாகித் தோள் எஸ் சைஸிலேயே நிற்பதைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வந்தது பிரிண்ட் கூத்து. பெரிய தாளில் பிரிண்ட் போடுகிற பிளாட்டர் எங்களிடம் கிடையாது. வீட்டு பிளான் பிரிண்ட் போடுகிற கடைக்குப் பென்டிரைவை எடுத்துக்கொண்டு போவோம். அங்கே தாளுக்குள் அடக்குவதற்கான டிக்கை எடுக்காமல் அடித்துவிட்டார்கள். 100-க்கு 97 ஆகச் சுருங்கி வந்தது. கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. 44 இஞ்ச் சுற்று வர வேண்டிய டாப் 42.7-ல் நின்றது. அறுபது பீஸ் வெட்டி முடித்த பிறகுதான் பார்த்தோம். கடைக்காரரைச் சொல்லி என்ன செய்ய? அட்டையில் வெட்டும்போதெல்லாம் டேப் வைத்துப் பார்க்காமல் கத்தரியைத் தொடாத நான், கம்ப்யூட்டர் போட்டது என்றதும் டேப்பைக் கழுத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டு வெட்டினேன். இப்போது எல்லா ஃபைலிலும் மூலையில் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வரைந்து வைக்கிறேன். கடையை விட்டு வருமுன் அதை அளந்துவிடுவேன்.

அதற்குப் பிறகுதான் பழைய அட்டைகளை ஒவ்வொன்றாக அளந்து உள்ளே ஏற்ற ஆரம்பித்தேன். இந்த மென்பொருளில் எந்த வளைவு போட்டாலும் அதன் நீளம் அட்டவணையில் வந்துவிடும். டேப்பை ஓரமாக நிறுத்தி வளைத்து வளைத்து, நழுவ நழுவ அளந்த எனக்கு அது பெரிய விஷயம். எஸ் சைஸில் கைக்குழி 16, கையின் மேல் வளைவு பதினாறரை. சரி, தோளில் உருண்டு உட்கார அரை இஞ்ச் வேண்டும். 3 எக்ஸ்எல்லைப் பார்த்தேன். கைக்குழி 20, கை இருபத்தொன்றேமுக்கால். சைஸுக்குக் கால் இஞ்சாகக் கூடிக்கூடி, ஒன்றேமுக்கால் இஞ்ச் உபரி. நான் போட்ட அட்டை. பல வருஷமாக அதில்தான் வெட்டுகிறோம், ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை.

டாப்புக்குக் கை வைத்துத் தைக்கிற அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"அது தெரிஞ்சதுதானே கண்ணு. பெரிய சைஸ் வந்தா அக்குள் பக்கம் ரெண்டு சைடும் வெட்டி எடுத்துட்டுத்தான் கை வைப்பேன். இல்லாட்டித் தோள்ல சுருக்கு விழுந்துரும்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னனே. கை நிக்கலைன்னு சொன்னதுக்கு மெஷினுக்கு ஆயில் விடச் சொன்னே."

சொல்லியிருப்பேன். அது மட்டுமில்லை, 3 எக்ஸ்எல் கட்டு வந்தால் அக்கா மெதுவாகிவிடுகிறார் என்று முதலாளியிடம் சொன்னதும் நான்தான். எங்களுக்குப் பீஸ் ரேட். சின்ன சைஸுக்கும் பெரிய சைஸுக்கும் ஒரே கூலி. என் அட்டையின் பிழையை அவர் கத்தரியால் சரி செய்த நேரம் முழுக்க அவர் கூலியில்தான் போயிருக்கிறது. இதை முதலாளியிடம் சொன்னேன். பழைய கணக்கை யார் பார்ப்பது என்றுவிட்டார். அட்டையைத் திருத்துவது மட்டும் என் கையில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் லேப்டாப் ஆகாது. ஓணத்துக்குக் கசவுத் துணியில் பிளவுஸ் போடுவோம். கசவு என்கிற ஜரிகைக் கரை துணியின் ஓரத்தில்தான் ஓடும், கையின் அடிப்பக்கம் சரியாக அதில் உட்கார வேண்டும். மென்பொருளை அடுக்கச் சொன்னால் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கையைத் திருப்பித் திருப்பிப் போட்டுவிடும். அந்த ஆர்டர் மட்டும் இன்றைக்கும் அட்டையும் சாக்பீஸும்தான்.

போன மாதம் காலர் நைட்டி மாடலைத் திருத்தும்போது அக்காவைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "முன் கழுத்து இங்க இறக்கம் பத்தாது கண்ணு, நான் எப்பவும் கால் இஞ்ச் இறக்கித்தான் காலர் வைப்பேன்" என்று கையிலிருந்த சாக்பீஸாலேயே திரையில் ஒரு கோடு இழுத்துவிட்டார். இழுத்த பிறகுதான் அது துணி இல்லை என்று அவருக்கு உறைத்தது. முந்தானையால் துடைக்க வந்தார். "இருங்க அக்கா, துடைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கழுத்துப் புள்ளியைப் பிடித்து அந்தக் கோட்டுக்கு இறக்கினேன்.