பழைய கம்பெனியின் டபிள்யூ-2 கைக்கு வந்த கதை

அமெரிக்க வேலை விசாவான எச்-1பி டிரான்ஸ்ஃபர் சிக்கலில்லாமல் முடிந்து 2024 செப்டம்பரில் புதிய கம்பெனியில் சேர்ந்தேன். அதே மாதம் எடிசனிலிருந்து ஜெர்சி சிட்டிக்கு வீடும் மாறினோம். பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு முகவரி மாற்றம் சொல்லும் ஏஆர்-11 படிவம் போட்டேன், வங்கிக்குச் சொன்னேன், கார் இன்ஷூரன்ஸுக்குச் சொன்னேன். பழைய கம்பெனிக்குச் சொல்லத் தோன்றவே இல்லை.

வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தை கம்பெனிகள் ஜனவரி 31-க்குள் அனுப்பியாக வேண்டும். புதிய கம்பெனியுடையது வந்துவிட்டது, பழையது வரவில்லை. பேரோல் தளத்தில் எடுக்கலாம் என்றால், பாஸ்வேர்ட் மாற்றும் குறியீடு பழைய ஆபீஸ் மெயிலுக்குத்தான் போகிறது. அந்த மெயிலை நான் விலகிய அன்றே மூடிவிட்டார்கள். வேலையை விடப் போகிறவர்கள் கடைசி நாளுக்கு முன்பே அங்கே சொந்த மெயிலையும் புது முகவரியையும் போட்டுவிடுங்கள்.

ஹெச்ஆருக்கு ஐந்து மெயில் அனுப்பினேன். வந்த ஒரே பதில், "தபாலில் அனுப்பியாகிவிட்டது." ஒரு சனிக்கிழமை எடிசன் வீட்டுக்கே போனேன். இப்போது அங்கே இருப்பவர் நல்ல மனிதர். எங்கள் பெயருக்கு வந்த தபால்களை ஒரு பையில் எடுத்து வைத்திருந்தார். அதிலும் இல்லை.

பிப்ரவரி முடியும்வரை பொறுத்துவிட்டு வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு போன் செய்தேன். முக்கால் மணி நேரம் காத்திருந்தாலும், பேசிய அம்மா பொறுமையாகக் கேட்டார். கம்பெனியின் பெயர், முகவரி, போன் எண், நான் வேலை செய்த தேதிகள், கம்பெனியின் வரி அடையாள எண்ணான இஐஎன் எல்லாம் வேண்டும். இஐஎன் போன வருட டபிள்யூ-2-வில் 'பி' கட்டத்தில் இருக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பத்து நாளுக்குள் கொடுக்கச் சொல்லி ஐஆர்எஸ்ஸே கம்பெனிக்கு எழுதும். அப்படியும் வராவிட்டால் கடைசி பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) வைத்து, டபிள்யூ-2-வுக்குப் பதிலாக 4852 படிவம் போடலாம். எனக்கு அது தேவைப்படவில்லை. ஐந்து மெயிலுக்கு அசையாத ஹெச்ஆர் மார்ச் நடுவில் தானே கூப்பிட்டு பிடிஎஃப் அனுப்பினார்!

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. பழைய கம்பெனியில் 1,12,000 டாலர், புதியதில் ஜாயினிங் போனஸும் சேர்த்து 79,000. சம்பளத்தில் பிடிக்கும் சோஷியல் செக்யூரிட்டி வரி 6.2 சதவீதம், 2024-ல் மொத்தச் சம்பளத்தில் 1,68,600 டாலர் வரைதான். புதிய கம்பெனி பழைய சம்பளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை, முதல் டாலரிலிருந்து பிடிக்கிறது. கூடுதலாகப் போயிருந்தது 1,388 டாலர் 80 சென்ட். வரி ரிட்டர்னோடு சேர்க்கும் ஷெட்யூல் 3-ல் 11-வது வரியில் போட்டால் அது முழுவதும் திரும்ப வரும். நியூ ஜெர்சி பிடித்த வேலையின்மை, ஊனக் காப்பீட்டுத் தொகைகளிலும் இதே கதை, அதற்கு என்ஜே-2450 படிவம். சின்னத் தொகைதான், ஆனாலும் நம் பணம்.

வயிற்றைக் கலக்கியது சம்பளத்திலிருந்து போடும் ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே. பழைய இடத்தில் 20,000, புதிய இடத்தில் 5,400. அந்த வருட வரம்போ 23,000. கூடுதல் 2,400-ஐ ஏப்ரல் 15-க்குள் வெளியே எடுக்காவிட்டால் அதே பணத்துக்கு இரண்டு முறை வரி. யாரும் எச்சரிக்கவில்லை, நாமேதான் கூட்டிப் பார்க்க வேண்டும். புதிய பிளானுக்கு மூன்று தடவை பேசி, ஏப்ரல் 9-ல் பணம் வெளியே வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 11-ல் ரிட்டர்ன் போட்டேன். மே முதல் வாரம் ரீஃபண்ட் வந்துவிட்டது. அப்புறம் விசா எக்ஸ்டென்ஷனுக்கு வக்கீல் கேட்ட பட்டியலில் முதலில் இருந்ததும் அந்தப் பழைய கம்பெனி டபிள்யூ-2-தான்.