உள்தாளில் இருந்த பெயர்

1999-இல் நான் மலேசியாவில் படிவம் 4 மாணவன். எங்கள் பீடோங் ஊரின் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கள்ளக் கேசட்டு மலிவாகக் கிடைக்கும். அட்டையில் பாடுகிறவர்களின் மங்கிய படம் இருக்கும், வேறு ஒன்றும் இருக்காது. அண்ணன் ஒருநாள் சுங்கைப்பட்டாணிக்குப் போய், பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் என்ற அமெரிக்கப் பாட்டுக்குழுவின் ‘மில்லேனியம்’ அசல் கேசட்டை வாங்கி வந்தார். உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு தாள், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. தோட்டத்து லயத்து வீட்டு வாசல் விளக்கடியில் பிரித்து வைத்துப் படித்தேன். பாட்டு எழுதியவர் என்று மேக்ஸ் மார்ட்டின் என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தது. நண்பனிடம் இரவல் வாங்கிய, அமெரிக்கப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் கேசட்டிலும் அதே பெயர். அட்டைப் படத்தில் இல்லாத இந்த ஆள் யார்?

அவர் கதை பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இயற்பெயர் கார்ல் மார்ட்டின் சாண்ட்பெர்க். 1971-இல் ஸ்வீடனில் பிறந்தவர். சின்ன வயதில் பிரெஞ்சு ஹார்ன் ஊதினார், அப்புறம் ஒரு ராக் குழுவில் பாடினார். தன் நாட்டு அரசாங்கம் தந்த இசைக்கல்வியால்தான் இந்த நிலைக்கு வந்தேன் என்று சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபோது எங்கள் தோட்டத்துப் பள்ளி நினைவுக்கு வந்தது. அங்கே இருந்தது ஒரே ஒரு ஹார்மோனியம், அதுவும் கோயிலுக்குச் சொந்தம்.

ஸ்டாக்ஹோமில் டெனிஸ் பாப் என்ற தயாரிப்பாளர் அவரைச் சேர்த்துக்கொண்டு தொழில் கற்றுக்கொடுத்தார். மேக்ஸ் மார்ட்டின் என்ற பெயரை வைத்ததும் அவர்தான். 1998 ஆகஸ்டில், 35 வயதில், டெனிஸ் புற்றுநோயில் போய்விட்டார். மேக்ஸ் எழுதி, டிஎல்சி என்ற அமெரிக்கப் பெண்கள் குழு வேண்டாம் என்று சொன்ன ‘பேபி ஒன் மோர் டைம்’ பாட்டைப் பிரிட்னி பாடி, அது வெளிவந்தது அதற்கு அப்புறம்தான். சிஷ்யனின் பாட்டு உலகமெல்லாம் ஒலித்ததைக் குரு கேட்கவே இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனத்துப் போகும்.

இன்று பில்போர்டு ஹாட் 100 என்ற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாட்டுகளை அதிகம் எழுதியவர்களில், பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்கு அடுத்த இடம் மேக்ஸ் மார்ட்டினுக்கு.

எப்படி எழுதுகிறார்? மெட்டுதான் முதலில். ஒரு வரியில் எத்தனை அசையோ, அதற்கு இணையான வரியிலும் அத்தனையே வரவேண்டும். வார்த்தை அந்தக் கணக்குக்குள் வந்து உட்கார வேண்டும். அந்த ‘மில்லேனியம்’ கேசட்டில் இருந்த ‘ஐ வான்ட் இட் தட் வே’ பாட்டில் பொருள் சரியாகக் கூடி வராது. பொருள் விளங்கும்படி வேறு வரிகள் போட்டும் பார்த்தார்கள். பாடியவர்களுக்குப் பழையதே பிடித்திருந்தது. ‘தன்னா தனனா’ என்று தத்தகாரம் போட்டு மெட்டுக்குப் பாட்டு எழுதும் நமக்கு இது ஒன்றும் புதிதல்ல. ஆனால் அவர் அளவுக்குப் பிடிவாதம் நமக்கு வேண்டும்.

நான் பகலில் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ராத்திரி பின்னறையில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பாட்டுக்கு மெட்டுப் போடுகிறேன். போன வாரம் அக்கா மகள் தன் தோழியின் கல்யாணத்துக்கு என் மெட்டுக்கு ஒரு பாட்டு எழுதி வந்தாள். வரியின் கடைசிச் சுரம் தாளத்தில் நாலு தட்டு நீள்கிறது. அவள் அங்கே ‘உன் நினைவு’ என்று முடித்திருந்தாள்.

“பாடிப் பாரும்மா.”

பாடினாள். ‘வு’ உதட்டைக் குவித்துக்கொண்டு அங்கேயே அடங்கியது. இழுத்தால் ஊதுகிற மாதிரி இருந்தது.

“நிக்க மாட்டேங்குது மாமா.”

“குறில் எப்படி நிக்கும்? நெடில் போடு.”

கொஞ்ச நேரம் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். அப்புறம் ‘உன் நினைவே’ என்று பாடினாள். ஓர் எழுத்துத்தான் மாறியது, அசை ஒன்றுகூடக் கூடவில்லை. வாய் திறந்து, குரல் நாலு தட்டும் நின்றது. மறுபடி பாடச் சொன்னேன், அவளுக்காக இல்லை, எனக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

2008-இல் என் மெட்டு ஒன்று ஒரு குறுந்தட்டில் வந்தது. அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், என் பெயர் எங்கும் இல்லை. அதனால், பாட்டைத் தோழிக்கு அனுப்புமுன் அவளை நிறுத்தினேன். கோப்பின் பெயரிலேயே, எழுதியவர் என்று அவள் பெயரைப் போடச் சொன்னேன். போட்டாள். பக்கத்தில், மெட்டு மாமா என்றும் சேர்த்தாள்.