பழைய டீசல் பிக்கப்: பம்ப்பைக் கழற்றுவதற்கு முன்

கணினிக் கட்டுப்பாடு இல்லாத பழைய டீசல் பிக்கப், காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆனால், எஞ்சினுக்குள் டீசலை அழுத்தத்தோடு செலுத்தும் இன்ஜெக்ஷன் பம்ப்பைக் கழற்றி வேலைக்கு அனுப்பச் சொல்பவர்களே அதிகம். எங்கள் வண்டியைப் பராமரித்து வரும் அனுபவத்தில், நான் அதைக் கடைசி வேலையாகவே வைத்திருக்கிறேன்.

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்து இன்ஜெக்ஷன் பம்ப்புக்குக் கொடுக்கும் சிறிய பம்ப்) வரையிலான பாதையில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. ஆகவே அங்கே ரப்பர் ஹோஸில் வெடிப்பு விழுந்தாலும், காப்பர் வாஷர் சரியாக உட்காராவிட்டாலும், வண்டி ஓடும்போது வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் காற்று உள்ளே நுழையும். இரவில் வண்டி நிற்கையில் குழாயிலுள்ள டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். ஈரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு லீக் இல்லை என முடிவு செய்வது இதனால்தான் பயனற்றது. ஃபில்டருக்கும் இன்ஜெக்ஷன் பம்ப்புக்கும் நடுவே சிறிது நேரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாயை (பிளாஸ்டிக் டியூபைத்தான் அப்படிச் சொல்கிறோம்) மாட்டி எஞ்சினை ஓடவிட்டால், குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். அதன்பின் ஃபீட் பம்ப்பின் உறிஞ்சும் பக்க ஹோஸைச் சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனில் விட்டுப் பார்க்க வேண்டும். குமிழிகள் நின்றுவிட்டால் குற்றம் டேங்குப் பக்கத்துக் குழாயில் இருக்கிறது.

சமதளத்தில் நன்றாக ஓடி, சுமையோடு மேடேறும்போது மட்டும் இழுவை குறைந்தால், ஃபில்டரையும் டேங்கினுள் இருக்கும் வலையையும் பார்க்க வேண்டும். டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். எஞ்சின் திணறும் நேரத்தில் மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே இழுபட்டு வண்டி தெளிந்துவிட்டால், வேறெதையும் தொட வேண்டியதில்லை.

ரோட்டரி பம்ப் (இன்ஜெக்ஷன் பம்ப்பில் ஒரு வகை) உள்ள வண்டி, குளிர்ந்திருக்கும்போது எளிதில் ஸ்டார்ட் ஆகி, சூடான பின் அடம்பிடித்தால் பம்ப்பைச் சந்தேகிக்கலாம். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த பாகங்களின் இடைவெளி வழியே அழுத்தத்தை இழந்துவிடுகிறது. ஈரத்துணியால் பம்ப்பைக் குளிர்வித்ததும் ஸ்டார்ட் ஆனால், பம்ப் வேலைக்குச் செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது.

ஐடிலில், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் ஒவ்வொன்றுக்கும் வரும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தினால், எதைத் தளர்த்தும்போது எஞ்சின் ஒலி மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. டீசல் அங்கே 100 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வருவதால் தோலைத் துளைக்கக்கூடும். நட்டைத் துணியால் மூடி, கையையும் முகத்தையும் விலக்கி வைத்தே இதைச் செய்ய வேண்டும்.